தி தி திக்கு

என் டீ ஷர்ட்டுல நீங்க படிச்சது சரிதான் சார். அச்சுப் பிழை கிடையாது. தி தி திக்கு. வேணும்னே அப்படிப் போட்டது.

இது என் பிராண்ட் சார். கடையில வாங்கினது இல்ல. துணியத் தொட்டுப் பாருங்க, சும்மா தொடுங்க. கனமா இருக்குல்ல? தோள் கீழ இறங்கி, தொளதொளன்னு, முழங்கை வரைக்கும் கை. அண்ணன் சட்டைய தம்பி மாத்திப் போட்டுட்டு வந்துட்டான்னு எங்கப்பா இன்னிக்கு வரைக்கும் சொல்றாரு. ஆனா இதுக்குன்னு ஒரு கூட்டம் இருக்கு. ராப் பாடற பசங்க, ரோட்டுல டான்ஸ் ஆடற பசங்க, சுவத்துல ஸ்ப்ரே அடிக்கற பசங்க. ஹிப்-ஹாப்னு சொல்வாங்க, பேரு கேட்டிருப்பீங்க. அவங்க போடற துணி இது. திருப்பூர்லதான் தைக்கறோம். இப்பவும் அதுக்குத்தான் போறேன். அடுத்த சரக்கு வெட்டறதுக்கு முன்னாடி துணிய ஒரு தடவை கண்ணால பாத்துடணும்.

ரயில் திருப்பூர் போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கு. சொல்றேன் கேளுங்க. எல்லார்கிட்டயும் சொல்றதில்ல. பேட்டிக்கு வர்றவங்ககிட்ட, எட்டுத் திக்கும் போகணும்னு வெச்ச பேருன்னு சொல்லி முடிச்சுடுவேன். உங்களைப் பாத்தா பொறுமையா கேக்கறவர் மாதிரி இருக்கு.

இன்பராஜ்னு ஒருத்தன். நானும் அவனும் இன்ஜினியரிங் ஒரே கிளாஸ். முதல் நாள் எல்லாரும் எந்திரிச்சுப் பேர் சொல்லணும். அவன் முறை வந்துச்சு. எந்திரிச்சான். "இ…"ன்னான். அவ்வளவுதான். "இ… இ… இ…" கண்ண இறுக்கி மூடிக்கிட்டான், கழுத்து நரம்பு புடைச்சுக்கிச்சு, தாடை ஆடுது. கிளாஸே சிரிக்குது. நான் சிரிக்கல சார். பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். அவன் கழுத்துல தொங்கின அட்டையப் பாத்து, "இன்பராஜ் சார்"னு நானே சொல்லிட்டேன். அவன் உக்காந்தான்.

அன்னிலேர்ந்து நான்தான் சார் அவனுக்கு வாய். கேன்டீன்ல நான்தான் சொல்வேன், பஸ்ல நான்தான் டிக்கெட் கேப்பேன், பொண்ணுங்க ஏதாவது கேட்டா நான்தான் பதில். அவன் முதல் எழுத்த ஆரம்பிப்பான், நான் முடிச்சு வெச்சுடுவேன். அந்த அளவுக்கு அவன் மனசு எனக்குத் தெரியும். முதல் தடவை கேன்டீன்ல "பொ…"ன்னான், நான் "ரெண்டு பொங்கல்"னேன். அப்பறம் தினமும் பொங்கல்தான். கடைசி வருஷம் அவங்கம்மா ஒரு நாள் சொல்றாங்க, அவனுக்குப் பொங்கல்னாலே ஆகாதாம், பொடி தோசைதான் உசுராம். நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அவனும் சிரிச்சான். அப்படி ஒரு சிநேகம்.

அவன் பாடுவான்னு ரொம்ப நாள் எனக்கே தெரியாது. காலேஜ்ல பின்னாடி ஒரு தகரக் கொட்டகை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்க பசங்க வட்டமா நிப்பாங்க. ஒருத்தன் வாயாலயே தாளம் போடுவான், ஒவ்வொருத்தனா நடுவுல வந்து மனசுல தோணினத ராப்பா விடுவான். இன்பராஜ் ஓரமா நின்னு கேப்பான். ஒரு நாள் தாளம் ஓடிட்டிருக்கு, யாரும் வரல, இவன் சட்டுன்னு நடுவுல போயிட்டான். எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. அசிங்கப்படப் போறான்னு அவன் கையப் பிடிச்சு இழுத்தேன். உதறிட்டான்.

"பேரக் கேட்டாரு வாத்தியாரு முன்ன, சொல்லி முடிச்சேன் பெல்லு அடிச்ச பின்ன." இப்படி ஆரம்பிச்சான் சார். அதுக்கப்பறம் கொட்டுது. மழை மாதிரி. ஒரு எழுத்து தடுக்கல. மூச்சு வாங்காம, அடுக்கடுக்கா, அவன் வாழ்க்கையில அதுவரைக்கும் சொல்லாததெல்லாம் சொன்னான். தாளம் போட்டவன் வாய் வலிச்சு நிறுத்தினான். இவனும் நின்னான். நின்னதும் ஒருத்தன் "மச்சி, சூப்பர்"னு கை குடுத்தான். இவன் "தே… தே…"ன்னு தேங்க்ஸ் சொல்ல முடியாம நின்னான்.

அது எப்படின்னு ஒரு நாள் போன்ல எனக்கு எழுதிக் காட்டினான். தாளம் இருந்தா அடுத்த வார்த்தை எங்க வந்து விழணும்னு முன்னாடியே தெரியுமாம். படிக்கட்டு மாதிரி, கால் வெக்க இடம் இருக்குமாம். வெறும் பேச்சுல படியே இல்லையாம். அப்பறம் அதையே பேச்சுக்கும் கொண்டு வந்துட்டான். தொடையில விரலால மெதுவா தட்டிக்குவான், டக் டக்னு, அந்தத் தட்டுக்கு ஏத்த மாதிரி ஒவ்வொரு வார்த்தையா வெப்பான். மெதுவாத்தான். ஆனா வரும். ஒரு வைவா பரீட்சையில அவன் பேர அவனே சொன்னான். கேன்டீன்ல போய் அவனே பொடி தோசை கேட்டான். எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். என்னவோ அன்னிக்கு எனக்கு மனசே சரியில்ல. பசியா இருந்திருக்கும்.

சரி, பிராண்டுக்கு வர்றேன். காலேஜ் முடியற நேரம். யார்கிட்டயும் கைகட்டி வேலை பாக்க மாட்டேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். அப்பா முதல் போட்டாரு. துணி, தையல், அச்சு எல்லாம் அலைஞ்சு அலைஞ்சு கத்துக்கிட்டேன். இன்பராஜ் கூடவே அலைஞ்சான். மூட்டை தூக்கினான், எங்க வீட்டு மாடியில உக்காந்து ஒவ்வொண்ணா மடிச்சு கவர்ல போட்டான். பேர் வெக்கணும்னப்போ, 'படி'ன்னு வெக்கலாம்னு அவன்தான் எழுதிக் காட்டினான். ரேஷன் கடை மாதிரி இருக்குடான்னு சொல்லிட்டேன். கிரீடம், மண்டை ஓடு, பழைய டேப் ரெக்கார்டர், எல்லாம் போட்டு அச்சடிச்சோம். ஒண்ணும் போகல சார். எல்லாரும் போடறதுதானேன்னு பசங்க தள்ளிட்டுப் போயிட்டாங்க. ஹிப்-ஹாப்ல ஒரு விஷயம் இருக்கு. அது உண்மையா இருக்கணும். ரோட்டுலேர்ந்து வரணும், பட்ட அடியிலேர்ந்து வரணும். நான் கே.கே. நகர்ல சொந்த வீட்டுப் பையன். பட்ட அடிக்கு நான் எங்க போவேன்?

அப்பதான் ஒரு காலேஜ் விழாவுல ஸ்டால் போட்டிருந்தோம். நான் சாப்பிடப் போயிருந்தேன், இன்பராஜ் மட்டும் இருந்தான். திரும்பி வந்து பாக்கறேன், ஸ்டாலச் சுத்தி ஒரு கும்பல். ஒரு பொண்ணு என்ன விலைன்னு கேட்டிருக்கு. மைக் சத்தம், கூட்டம், இவனுக்குத் தட்டற தாளம் தவறிப்போச்சு. "நா… நா… நா…"ன்னு நிக்கறான். அந்தப் பொண்ணு கூட வந்தவன் போன்ல எடுக்கறான். எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கறாங்க. சிரிச்சு முடிச்சதும் என்ன பண்ணாங்க தெரியுமா? ஆளுக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போனாங்க. பாவம்னு வாங்கினாங்களோ, சிரிச்ச சந்தோஷத்துல வாங்கினாங்களோ. அன்னிக்குப் போன மாதிரி அதுவரைக்கும் போனதே இல்ல.

அங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு.

மறுநாள் மாடியில உக்காத்தி வெச்சுச் சொன்னேன். "இன்பா, பேர் கிடைச்சுடுச்சு. திக்கு. திசைன்னும் அர்த்தம், உன் விஷயமும் அதுல இருக்கு. நெஞ்சுல பெருசா தி தி திக்குன்னு போடறோம். நீதான் முகம்." அவன் என்னையே பாத்தான். தொடையில விரல் தட்ட ஆரம்பிச்சுது. "வே…"ன்னான்.

"வேற லெவல்ல?"ன்னேன்.

தலையாட்டினான். எப்படி ஆட்டினான்னு கேட்டா, ஆமான்னுதான் நான் எடுத்துக்கிட்டேன். மறுபடியும் "வே… வே…"ன்னான். "எனக்கும் அப்படித்தான் இருக்குடா, பேச்சே வரல"ன்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டேன்.

நான் அவன அசிங்கப்படுத்தறதுக்காகப் பண்ணல சார். யோசிச்சுப் பாருங்க. ஊரே சிரிச்ச ஒரு விஷயத்த ஊரே நெஞ்சுல குத்திக்கிட்டு நடந்தா அது எவ்வளவு பெரிய மரியாதை. ஹிப்-ஹாப்னா அதானே. குறையக் கொடியா ஏத்தறது.

வீடியோ எடுக்க ஷெரின்னு ஒரு பொண்ணு, கேமரா நல்லாத் தெரிஞ்ச பொண்ணு, காசு வாங்காம சிநேகத்துக்கு வந்துச்சு. இன்பராஜ் ராப் பண்றதத்தான் எடுக்கப் போறோம்னு ரெண்டு பேர்கிட்டயும் சொல்லியிருந்தேன். அழகா பண்ணான். எடுத்து முடிச்சதும், "கடைசியா ஒரே ஒரு ஷாட், கேமராவப் பாத்து பிராண்ட் பேரச் சொல்லு, அவ்வளவுதான்"னேன். கைய மட்டும் கீழ விட வேணாம், தொடையில தட்டினா கேமராவுல அசிங்கமாத் தெரியுதுன்னேன். கைய மார்ல கட்டிக்கிட்டு நின்னான். "தி…" அங்கயே மாட்டிக்கிச்சு. "தி… தி… தி…" கண்ணு மேல செருகுது, எச்சில் ஓரத்துல வருது. ஷெரின் கேமராவ இறக்கப் போனா. நான் கையக் காட்டித் தடுத்தேன். கடைசியில "திக்கு"ன்னு வந்து விழுந்துச்சு. விழுந்ததும் அவன் சிரிச்சான் பாருங்க, குழந்தை மாதிரி. அந்தச் சிரிப்ப நான் வீடியோவுல வெக்கல. சிரிப்புக்கு முன்னாடி நிறுத்தினாத்தான் நறுக்குன்னு இருந்துச்சு. அதனால வெட்டிட்டேன்.

"இதப் போடாத சுதர்சன்"னா ஷெரின். "அவன்கிட்ட ஒரு வார்த்தை கேளு." அவன்கிட்ட கேட்டா பதில் வர்றதுக்குள்ள விடிஞ்சுடும்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அதுக்குப் போய் கோவிச்சுக்கிட்டு கேமராவத் தூக்கிட்டுப் போயிட்டா. இன்னிக்கு வரைக்கும் என்கூடப் பேசறதில்ல. சில பேருக்கு எதையும் லேசா எடுத்துக்கவே தெரியாது.

போட்டேன் சார். தீ மாதிரி பரவிச்சு. அவன மாதிரியே கையக் கட்டிக்கிட்டு, கண்ண மேல செருகிக்கிட்டு, தி தி திக்குன்னு ஸ்கூல் பசங்க பண்றாங்க, ஆபீஸ் போறவங்க பண்றாங்க, கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளை பொண்ணே பண்றாங்க. எங்க வீட்டு மாடி முழுக்க பார்சல். மோசஸ்னு எனக்குத் தெரிஞ்ச ஒரு டிஜே, அவனும் வந்து கவர்ல போட்டுக் குடுத்தான். இன்பராஜ் மட்டும் வர்றத நிறுத்திட்டான். காய்ச்சல்னு மெசேஜ் போட்டான்.

அப்பதான் அவங்கப்பா வந்தாரு. பாக்கியநாதன்னு பேரு, பெரம்பூர்ல ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருக்காரு. மத்தியான வெயில்ல மாடி ஏறி வந்து, செருப்பக் கழட்டி வெச்சுட்டு நின்னாரு. அதுவரைக்கும் நான் அவர்கிட்டப் பேசினதே இல்ல. வாயத் திறந்ததும்தான் தெரிஞ்சுது, அவருக்கும் இருக்கு. மகனவிட மோசம்.

"த… தம்பி. அந்த வீ… வீ…"

"வீட்டுக்கு வரணுமா அங்கிள்? வர்றேன். இப்ப வேலை அதிகம்."

இல்லன்னு தலையாட்டினாரு. என் போனக் காட்டினாரு. "வீ… வீடி…"

"வீடியோவா? பாத்துட்டீங்களா? ஊரே பாத்துடுச்சு அங்கிள்."

மோசஸ் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். அவன் முதுகு குலுங்குது. எனக்கும் அடக்க முடியல, என்ன பண்றது, அப்பா மகன் ரெண்டு பேருமேன்னா சிரிப்பு வரத்தானே செய்யும். அவரு மூச்ச இழுத்து விட்டாரு. ரெண்டு கையையும் கூப்பினாரு. வயசானவரு, எனக்குப் போய்.

"எ… எடு… எடுத்து…"

"எடுத்துக்கோங்க அங்கிள், இதுக்குப் போய் கும்பிடறீங்களே"ன்னு, அவரு சைஸுக்கு ஒண்ணு பாத்து எடுத்துக் கையில வெச்சேன். அவரு அதப் பாத்தாரு. நெஞ்சுல இருக்கற எழுத்தப் படிச்சாரு. படிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டாரு. அப்பறம் நாலா மடிச்சு அக்குள்ல வெச்சுக்கிட்டு இறங்கிப் போனாரு. வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல.

அடுத்து வெளியீட்டு விழா. ராயபுரம் பக்கம் ஒரு பழைய குடோன எடுத்து, சுவரெல்லாம் பெயின்ட் அடிச்சு, மேடை போட்டோம். இன்பராஜ் இல்லாம எப்படி? அவன் வீட்டுக்குப் போய் சொன்னேன், "உன் பாட்டு. முழுப் பாட்டு. உனக்குன்னு ஒரு மணி நேரம். பெரிய ஸ்பீக்கர், நல்ல மைக். இவங்கெல்லாம் உன் திக்கறதத்தான் பாத்திருக்காங்க, நீ யாருன்னு காட்டு"ன்னேன். அதுல அவன் கண்ணு மாறிச்சு. நம்பினான். நான் பொய் சொல்லல, பாட வெக்கத்தான் கூப்பிட்டேன். ரெண்டு வாரம் எழுதியிருக்கான் சார், புதுசா ஒரு பாட்டு. அடுத்த வாரம் ஒரு கம்பெனியில நேர்முகத் தேர்வு வேற இருந்துச்சு அவனுக்கு. ரெண்டையும் சேத்துத் தயார் பண்ணிட்டிருந்தான். கண்ணாடி முன்னாடி தொடையத் தட்டித் தட்டி "என் பேர் இன்பராஜ்"னு சொல்லிப் பாப்பானாம். அவங்கம்மா சொன்னாங்க.

விழா அன்னிக்கு சாயங்காலம் குடோன் தாங்கல. எல்லார் நெஞ்சுலயும் நம்ம எழுத்து. நான் அவனுக்கு ஒரு ஆச்சரியம் வெச்சிருந்தேன். அவன் பாட்டோட தாளத்துல, நடுவுல, மோசஸ்கிட்ட சொல்லி, அந்த வீடியோவுல அவன் திக்கற சத்தத்தையே துண்டு துண்டா வெட்டிச் சேத்திருந்தேன். தி-தி-தி. தி-தி. தி-தி-தி-தி. கேக்க அருமையா இருக்கும். அவன்கிட்ட சொல்லல. சொன்னா அப்பறம் என்ன ஆச்சரியம்.

மேல ஏறினான். மைக்கப் பிடிச்சான். தாளம் ஆரம்பிச்சுது. முதல் நாலு வரி, அடேயப்பா, குடோனே வாயடைச்சு நின்னுச்சு. வீடியோவப் பாத்து சிரிச்சவங்கெல்லாம் அப்படியே நிக்கறாங்க. ஒரு கணம் எனக்கே கொஞ்சம் பயம் வந்துச்சு, இவன் இப்படியே நல்லாப் பாடி முடிச்சுட்டா பிராண்டுக்கு என்ன அர்த்தம்னு. அப்பதான் அந்தத் துண்டு வந்துச்சு. தி-தி-தி. தி-தி.

அவன் கால் வெச்ச இடத்துல தாளமே இல்ல. அவன் குரலே அவனப் பாத்து ஸ்பீக்கர்ல திக்குது. அவன் நின்னான். திரும்ப ஆரம்பிச்சான். "எ… எ…" கீழ கூட்டம் புரிஞ்சுக்கிச்சு, இதுதான் அந்த இடம்னு. கையக் கட்டிக்கிட்டு, கண்ண மேல செருகிக்கிட்டு, மொத்தக் கூட்டமும் தி தி திக்கு, தி தி திக்கு. சுவரெல்லாம் அதிருது. அவன் விரல் தொடையில தட்டுது, தட்டிக்கிட்டே இருக்கு, கூட்டத்தோட சத்தத்துல அதுவும் திக்குது. அவன் வாய் திறந்தபடியே இருந்துச்சு. மோசஸ் என்னப் பாத்து, நிறுத்தட்டுமான்னு சைகை காட்டினான். ஓடட்டும்னு காட்டினேன். அப்படி ஒரு கூச்சல் நான் என் வாழ்க்கையில கேட்டதில்ல சார். அவன் அழுதான்னு நினைக்கறேன். வேர்வையாவும் இருக்கலாம். மைக்க மெதுவாக் கீழ வெச்சான், விழாம, பத்திரமா. வெச்சுட்டுப் பின்னாடி வழியா இறங்கிப் போயிட்டான். அதையும் நடிப்புன்னு நினைச்சு கூட்டம் இன்னும் கத்திச்சு.

அன்னிக்குக் கொண்டுபோன சரக்கு எல்லாம் காலி.

அடுத்த வாரம் அந்த நேர்முகத் தேர்வு. கூடப் போன பையன் சொன்னான். உள்ள மூணு பேர். பேர் கேட்டிருக்காங்க. இவன் தொடையில தட்டியிருக்கான், வரல. திரும்பத் தட்டியிருக்கான், வரல. அதுல ஒரு சின்ன வயசு ஆளு அடையாளம் கண்டுபிடிச்சுட்டு, ரொம்ப சந்தோஷமா, "நீங்கதானே அவரு, ஒரு தடவை சொல்லிக் காட்டுங்களேன்"னு போன எடுத்திருக்காரு. இவன் எந்திரிச்சு வந்துட்டான். ஆள் தெரிய ஆரம்பிச்சா இதெல்லாம் சகஜம் சார். அதச் சமாளிக்கத் தெரியணும். நான் எத்தனை பேர்கூட நின்னு போட்டோ எடுத்துக்கறேன்.

அதுக்கப்பறம் என் போன எடுக்கல. என் நம்பரத் தடுத்து வெச்சுட்டான். இதுதான் சார் எனக்கு ஆறல. வீட்டுக்குப் போனேன். அவங்கப்பா பாதிக் கதவத் திறந்து என்னப் பாத்தாரு. ஒரு வார்த்தை, வான்னு ஒரு வார்த்தை இல்ல. மூடிட்டாரு. தினமும் அவன் பேர எல்லாருக்கும் சொன்ன வாய் இது. யாருக்கும் தெரியாத ஒருத்தன ஊருக்கே தெரிய வெச்சேன். நன்றின்னு ஒரு எழுத்து எழுதியாவது அனுப்பியிருக்கலாம்.

கொஞ்ச நாள் ஓடிச்சு. புது டிசைன் போட்டேன், சரியாப் போகல. முகம் எங்க, அந்தப் பையன் எங்கன்னு கேக்கறாங்க. நடிக்கற பசங்க சில பேரக் கூப்பிட்டுத் திக்கச் சொல்லிப் பாத்தேன். என்னதான் பண்ணாலும் அந்தக் கழுத்து நரம்பு வரமாட்டேங்குது. பொய்யின்னு தெரிஞ்சுடுது. அப்பதான் பழைய கிளாஸ் பையன் ஒருத்தன் சொன்னான், ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு பார்சல் குடோன்ல இன்பராஜப் பாத்தேன்னு. போன மாசம் நேரா அங்கயே போனேன். புது டீ ஷர்ட் ஒண்ணு பையில வெச்சு எடுத்துட்டுப் போனேன், வெறுங்கையோட போகக் கூடாதுன்னு.

எதிர்ல ஒரு டீக்கடை. மத்தியானம் ஷிப்ட் மாறுற நேரம். பத்துப் பன்னெண்டு பேர் நிக்கறாங்க, நடுவுல இவன். இளைச்சுட்டான். ஆனா சிரிச்சுட்டிருந்தான் சார். கையால என்னவோ சைகை காட்டறான், ஒரு அக்கா அதப் புரிஞ்சுக்கிட்டு எல்லாருக்கும் எடுத்துச் சொல்றாங்க, மொத்தப் பேரும் சிரிக்கறாங்க. அப்படி அவன் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. எனக்கு மனசு நிறைஞ்சுடுச்சு. "இன்பா"ன்னு கூப்பிட்டேன். அவன் முகம் செத்துப்போச்சு.

அந்த அக்கா என்கிட்ட வந்து, "உங்களுக்குத் தெரிஞ்சவரா தம்பி? காது நல்லாக் கேக்கும், ஆனா பேச மாட்டாரு. பிறவி ஊமை"ன்னாங்க.

எனக்கு ஒண்ணும் புரியல. அப்பறம் புரிஞ்சுது. அங்க சேந்த நாள்லேர்ந்து இவன் வாயே திறக்கல. ஊமைன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க, இவனும் அப்படியே இருந்துட்டான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எப்பேர்ப்பட்ட வாய் அது. "ஊமையா? இவன் யாருன்னு தெரியுமாக்கா உங்களுக்கு?"ன்னு போன எடுத்தேன். அவன் என் மணிக்கட்டப் பிடிச்சான். இறுக்கிப் பிடிச்சான், இப்பவும் அந்த வலி ஞாபகம் இருக்கு. வெக்கப்படறான்னு நினைச்சு கையத் தட்டிவிட்டுட்டு, முதல்ல அந்த வீடியோ, அப்பறம் வெளியீட்டு விழா மேடை, ரெண்டையும் சத்தமா வெச்சு எல்லாருக்கும் காட்டினேன்.

சிரிப்பாங்க, கை தட்டுவாங்கன்னு பாத்தேன். யாரும் சிரிக்கல. டீக்கடைக்காரர்கூட ஆத்தறத நிறுத்திட்டாரு. அந்த அக்கா முழுசும் பாத்தாங்க. அப்பறம் அவன்கிட்டத் திரும்பி, "பேசுவியா நீ?"ன்னாங்க.

அவன் வாயத் திறந்தான். ஒண்ணும் வரல.

"உனக்குப் பேச்சு வரணும்னு செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை விரதம் இருக்கேனேடா தம்பி. என் பையனுக்குக்கூட நான் இருந்ததில்ல. இத்தனை நாளும் எங்கள வெச்சு வேடிக்கை பாத்தியா?"ன்னு கேட்டுட்டு, கையில இருந்த கிளாஸ வெச்சுட்டு நடந்தாங்க. ஒவ்வொருத்தரா அந்த அக்கா பின்னாடியே போயிட்டாங்க. அவன் தனியா நின்னான். நான் டீ ஷர்ட்ட எடுத்து நீட்டினேன். வாங்கல. ரோட்டத் தாண்டி நடந்தான், குடோன் பக்கம்கூட இல்ல, எதிர்ப்பக்கம், லாரி போற பக்கம். கூப்பிட்டுப் பாத்தேன். திரும்பல.

மறுநாள்லேர்ந்து வேலைக்கும் வரலையாம். வீட்டுக்கும் போகலையாம், அவங்கப்பா தேடிட்டுத் திரியறதாக் கேள்வி. இந்தப் பக்கம்தான் எங்கயோ மில்லுல சேந்திருக்கான்னு ஒரு பையன் சொல்றான். ஈரோடா பெருந்துறையான்னு சரியாத் தெரியல. அதுவும் சேத்துப் பாத்துட்டு வரலாம்னுதான் இந்தத் தடவை நானே கிளம்பினேன். புது சரக்கு வர்றதுக்குள்ள ஆள் கிடைச்சா நல்லது.

ஆமா, கேக்கவே மறந்துட்டேன். நீங்க என்ன பண்றீங்க சார்?

அப்படியா. பெருந்துறையிலயா. மில்லுக்கு ஆள் எடுக்கறது நீங்கதானா? இது கடவுளாப் பாத்து உக்கார வெச்சது சார். என் நம்பரக் குறிச்சுக்கோங்க. ஒல்லியா, மாநிறமா, இருபத்தஞ்சு வயசுக்குள்ள இருப்பான். பேர மாத்திக் குடுத்திருப்பான், போட்டோவுல இருக்கற மாதிரியும் இப்ப இல்ல. ஊமைன்னு சொல்லிக்கிட்டு யாராவது புதுசா வந்திருந்தா, நம்பிடாதீங்க. பக்கத்துல உக்கார வெச்சு, பேர் என்னன்னு கேளுங்க. சைகை காட்டுவான், எழுதிக் காட்டுவான், விடாதீங்க. வாயால சொல்லுன்னு கேட்டுக்கிட்டே இருங்க. வாயத் திறந்துட்டான்னா போதும், அவன்தான்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்.